அப்பா பேச்சில் விழுந்த கட்டங்கள்

அப்பாவின் மைக் வாஷிங் மெஷினுக்குள் இருக்கிறது.

போன வாரக் கதையில் அம்மா அதை உள்ளே போட்டு, மேலே இரண்டு போர்வைகளைத் திணித்து, மூடியைச் சாத்தியபோதுதான் நாம் அந்த வீட்டை விட்டு வந்தோம். அப்பா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். பீரோ, கட்டிலடி, பரண் ஒன்றும் பாக்கியில்லை. வாஷிங் மெஷின் பக்கம் மட்டும் போகவில்லை. இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்தப் பக்கமே போகாத மனுஷர், இன்றைக்கா போகப்போகிறார் என்று அம்மா நிம்மதியாக இருக்கிறாள்.

இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்பா ரயில் நிலைய அறிவிப்பாளர். ஊரில் அவர் முகம் தெரியாதவர்கள் உண்டு, குரல் தெரியாதவர்கள் கிடையாது. வீட்டில் உப்பு கேட்டால்கூட மூன்றாவது பிளாட்பாரத்துக்குக் கேட்கும். அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். திங்கட்கிழமை பரிசோதனை முடியும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, மீறினால் குரல் போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆனால் இன்று சனிக்கிழமை. பெரியவளின் கல்யாண வரவேற்பு இன்று சாயங்காலம்.

அப்பா போன வாரமே ஃபோனில் தட்டி எல்லோருக்கும் நீட்டிவிட்டார்: 'என் பொண்ணு கல்யாணத்துல நான் பேசுவேன். குரல் போனா போகட்டும்.'

அதற்குச் சின்னவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். "நீ எழுதிக் குடுப்பா. குட்டிப் புத்தகமா அடிச்சு ஒவ்வொருத்தர் நாற்காலியிலயும் வெச்சிடறேன். அவங்கவங்க பேரு, சீட்டு நம்பர் எல்லாம் போட்டு, ரயில் டிக்கெட் மாதிரி. நீ வாயே திறக்க வேணாம்."

அப்பா யோசித்தார். பிறகு தட்டினார்: 'புத்தகம் நல்லா வந்தா சரி. இல்லேன்னா மைக்.'

சின்னவளுக்கு அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. அவள் வேலை பார்க்கிற கம்பெனியில் மின்கட்டண ரசீதுகளை பிடிஎஃப் ஆக்கி அனுப்புவதே அவள் எழுதி ஓட்டுகிற கம்ப்யூட்டர் புரோகிராம்தான், அவள் பாஷையில் 'கோட்'. லட்சம் வீட்டுக்கு ரசீது அடிக்கிறவளுக்கு ஒரு மண்டபம் நிறைய ஆட்களுக்குப் புத்தகம் அடிப்பதா கஷ்டம்? நேற்றே ஃபைலை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, காலை நீட்டித் தூங்கினாள்.

காலையில் அச்சகக்காரர் கூப்பிட்டார்.

"தங்கச்சி, மாதிரிக்கு ஒண்ணு அடிச்சுப் பாத்தேன். நடுவுல நடுவுல கட்டம் விட்டிருக்கீங்களே, அதை வர்றவங்க பேனாவால நிரப்பணுமா? போட்டி ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"என்ன கட்டம் அண்ணா?"

"சின்னச் சின்னதா, சதுரமா. சில பக்கத்துல எழுத்தைவிடக் கட்டம்தான் ஜாஸ்தி."

சின்னவள் படுக்கையில் இருந்து எழுந்த வேகத்தில் போர்வையும் கூடவே எழுந்து வந்தது.

"மத்ததை அடிச்சிடாதீங்க அண்ணா!"

"அடிக்கல. ஆனா மதியத்துக்குள்ள சரியான ஃபைல் வரணும். அப்புறம் மெஷினை வேற வேலைக்குக் குடுத்துட்டேன். இப்பவே சொல்லிட்டேன், பின்னாடி என்னைத் திட்டக் கூடாது."

மாதிரிப் புத்தகத்தை மாப்பிள்ளையே வாங்கிக்கொண்டு வந்தார். லிஃப்ட் மெக்கானிக். பதிவு அலுவலகத்தில் நேற்றுத்தான் கையெழுத்துப் போட்டார், இன்று காலையிலேயே மாமனார் வீட்டு வேலைக்காரர் ஆகிவிட்டார். அவருக்கு எதையும் குறை சொல்லத் தெரியாது.

"பாக்க நல்லாத்தான் இருக்கு," என்றார். "அட்டை வழவழன்னு இருக்கு."

அம்மா புத்தகத்தைப் பிடுங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தாள்.

"'என் பெரிய மகள் பிறந்த அன்று நான் பிளாட்பாரத்தில் கட்டம் கட்டம் கட்டம். செய்தி வந்ததும் மைக்கில் ஊருக்கே கட்டம். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கட்டம், கட்டம்.' என்னங்க இது, குறுக்கெழுத்துப் போட்டியா?"

பெரியவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் ஹால் தரையில் உட்கார்ந்து, சாக்பீஸால் மண்டபத்தை வரைந்து, பாட்டில் மூடிகளை நாற்காலிகளாக அடுக்கிக்கொண்டிருந்தாள். சினிமா தியேட்டரில் டிக்கெட் கவுன்டரில் இருப்பவள். யாரை எங்கே உட்கார வைப்பது என்பதை வேறு யாரிடமும் விட மாட்டாள், தன் கல்யாணமாகவே இருந்தாலும்.

"லட்சம் வீட்டுக்கு ரசீது அடிக்கிறேன்னு பீத்திக்கிட்டியேடி," என்றாள். "நம்ம அப்பாவுக்கு ஒரு சிரிப்பு அடிக்கத் தெரியல."

அங்கேதான் விஷயம். மின்கட்டண ரசீதை யாரும் சிரித்துக்கொண்டே அனுப்புவதில்லை. அப்பாவின் பேச்சோ பாதிக்குப் பாதி இமோஜி.

அதற்கும் காரணம் இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவுக்கு ஃபோன்தான் வாய். ஒற்றைக் கட்டை விரலால் தட்டித் தட்டி விரல் வலித்ததும் படங்களுக்கு மாறினார். மெல்ல மெல்ல அது ஒரு பாஷையே ஆகிவிட்டது. மணி என்றால் 'எல்லாரும் கவனிங்க'. ஆமை என்றால் மாப்பிள்ளை, ஏனென்றால் முதல்முறை பெண் கேட்க வந்தபோது வழியில் லிஃப்டில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தார். வாயைப் பொத்திய குரங்கு என்றால் அப்பா. எரிமலை என்றால்... அதைப் பிறகு பார்ப்போம்.

அப்பா மாதிரிப் புத்தகத்தை வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முகம் வாடவில்லை. மாறாக, ஏதோ நல்ல செய்தி கிடைத்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஃபோனை எடுத்துத் தட்டி, அம்மாவின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

'மைக் எங்கே?'

"ஐயோ," என்றாள் அம்மா. சின்னவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் விளையாட்டே இல்லை. அம்மா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், அந்த ஆபரேஷனைப் பற்றி வீட்டிலேயே அதிகம் தெரிந்தவள். "இந்த மனுஷன் மேடையில ஏறிப் பேசினா, அதுதான் கடைசியாப் பேசறதா இருக்கும்டி. உன்னால முடியுமா, முடியாதா?"

"முடியும்மா!"

முடியுமா என்று அவளுக்கே தெரியாது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு ஓடினாள்.

கட்டம் ஏன் வந்தது என்பது உடனே தெரிந்துவிட்டது. ஃபான்ட் என்பது எழுத்துகளின் படப்பெட்டி. அவள் ரசீதுக்கு வைத்திருந்த பெட்டியில் எழுத்து இருந்தது, எண் இருந்தது, சதவீதக் குறிகூட இருந்தது. சிரிப்பு மட்டும் இல்லை. இல்லாததைக் கேட்டால் ஃபான்ட் 'என்கிட்ட இல்ல' என்று சொல்லாது. கௌரவமாக ஒரு காலிக் கட்டத்தை நீட்டும்.

"அவ்வளவுதானே! இமோஜி இருக்கிற ஃபான்ட் ஒண்ணைச் சேர்த்துட்டாப் போச்சு."

சேர்த்தாள். ஓட்டினாள். வீட்டுப் பிரின்டரில் ஒரு பக்கம் எடுத்தாள்.

கட்டங்கள் போய்ப் படங்கள் வந்திருந்தன. ஆனால் கறுப்புக் கோட்டில், வண்ணமே இல்லாமல். கண்ணீர் வரச் சிரிக்கிற முகம், பல் வலியில் துடிக்கிற மொட்டைத் தலையாகத் தெரிந்தது. அப்பா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

அம்மா காகிதத்தைக் கிட்டே கொண்டுபோனாள். "இது என்னடி, கவுத்து வெச்ச புனலா?"

"எரிமலை, அத்தை," என்றார் மாப்பிள்ளை, உதவுகிற நினைப்பில்.

"எரிமலையா? அது எதுக்கு இங்க வருது? 'அன்று முதல் வீட்டில் எரிமலை சொல்வதுதான் சட்டம்'..."

ஹாலில் பாட்டில் மூடி நகர்கிற சத்தம்கூட நின்றுவிட்டது.

"யாருங்க எரிமலை?"

அப்பா இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். அசல் குரங்கு.

"பேசக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது எவ்வளவு வசதியாப் போச்சு பாரு உங்கப்பாவுக்கு!" என்றாள் அம்மா. ஆனால் அவளும் சிரித்துவிட்டாள். எரிமலை சிரித்தால் எவ்வளவு நேரம் சிரிக்குமோ அவ்வளவு நேரம்.

சின்னவள் அதற்குள் வண்ண ஃபான்ட் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். ஃபோனில் வருகிற அதே மஞ்சள் முகங்கள். ஆசை ஆசையாகச் சேர்த்து ஓட்டினாள்.

இந்தத் தடவை கட்டமும் இல்லை, மொட்டைத் தலையும் இல்லை. எதுவுமே இல்லை. வார்த்தைகளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று இடைவெளி. பிடிஎஃப் ஆக்குகிற அவளுடைய மென்பொருளுக்கு எழுத்தென்றால் ஒரே நிறக் கோடு, அவ்வளவுதான். வண்ணம் பூசிய எழுத்தை எப்படித் தொடுவது என்றே அதற்குத் தெரியவில்லை.

"முன்னாடி கட்டமாவது இருந்துச்சு," என்றாள் பெரியவள். "இப்ப அதையும் தொலைச்சுட்டா."

"நீ உன் மூடியைப் பாருக்கா!"

அப்பா வாசல் அலமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. மைக் வேட்டை மறுபடி ஆரம்பம்.

சின்னவள் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மூளை சூடாகும்போது அப்படித்தான் உட்காருவாள். ஆபீஸிலும் அப்படித்தான், மேனேஜர் பார்த்தாலும் அப்படித்தான்.

எழுத்தாகத்தானே போக மாட்டேன் என்கிறது? படமாக ஒட்டிவிட்டால்? ரசீதில் கம்பெனி சின்னத்தை ஒட்டுவதில்லையா? அதேமாதிரி ஒவ்வொரு இமோஜிக்கும் ஒரு குட்டிப் படம். கோட் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே போகும், இமோஜி வந்த இடத்தில் எழுத்தை நிறுத்தி, எழுத்தின் உயரத்துக்குப் படத்தைச் சுருக்கி ஒட்டும், மேலே போகும்.

விரல்கள் பறந்தன. எதற்காவது படம் கிடைக்காவிட்டால் உடனே கத்தும்படி ஒரு வரியும் சேர்த்தாள். இனிமேல் அச்சகக்காரர் சொல்லித் தெரிந்துகொள்ளும் கேவலம் வேண்டாம்.

ஓட்டினாள். கத்தவில்லை. பிரின்டர் முனகிக்கொண்டே ஒரு பக்கத்தைத் துப்பியது.

மஞ்சள் முகம் கண்ணீர் வரச் சிரித்தது! ஆமை பச்சையாக நடந்தது! எரிமலை செக்கச்செவேல் என்று கக்கியது!

"வந்துடுச்சு! வந்துடுச்சு! அப்பா, அலமாரியை மூடு!"

எல்லோரும் ஓடிவந்தார்கள். மாப்பிள்ளை கை தட்டினார். பெரியவள்தான் காகிதத்தை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். கடைசிப் பத்திக்கு வந்ததும் அவள் விரல் நின்றது.

"ஏய், இது என்னடி?"

அப்பா அந்த இடத்தில் ஒரே ஒரு படம் போட்டிருந்தார். அப்பா, அம்மா, இரண்டு பெண்கள் ஒட்டி நிற்கிற குடும்பப் படம். ஃபோனில் அது ஒரே படம். காகிதத்தில் நாலு தலைகளாகப் பிரிந்து கிடந்தது. ஒரு ஆண், ஒரு பெண், ஒரு சிறுமி. வரியில் இடம் தீர்ந்துபோய், இன்னொரு சிறுமி மட்டும் அடுத்த வரியில் தனியாக.

"கல்யாணம் ஆன மறுநாளே என்னைக் கீழ தள்ளிட்டியா?" என்றாள் பெரியவள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"அது நீ இல்லக்கா. வரிசைப்படி பாரு, கடைசியா நிக்கிறது நான்."

சொல்லி முடித்த பிறகுதான் சின்னவளுக்கு உறைத்தது. நாளை மறுநாளில் இருந்து அக்காவும் தங்கையும் படுக்கிற அறையில் இரண்டு கட்டில் இருக்கும், ஒரு ஆள்தான் இருப்பாள். விளக்கை யார் அணைப்பது என்று சண்டை போட எதிராளி கிடையாது. காலையில் இருந்து ஃபான்ட், கோட் என்று ஓடியதில் இதை நினைக்கவே நேரமில்லாமல் இருந்தது. இப்போது ஒரு குட்டித் தலை, அடுத்த வரியில் தனியாக நின்று, அவளையே பார்த்துச் சிரித்தது.

பெரியவளும் அதையே நினைத்திருக்க வேண்டும். தங்கையின் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

"அழுமூஞ்சி. சேர்த்து வைடி எல்லாரையும்."

"ஃபோன்ல மட்டும் எப்படி ஒண்ணாத் தெரியுது?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"உண்மையில அது ஒரு படம் இல்ல மாமா. நாலு பேரும் நாலு எழுத்து. நடுவுல நடுவுல கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒட்டு எழுத்து இருக்கும். ஃபோன் அந்த ஒட்டைப் பாத்ததும் நாலையும் சேர்த்து ஒரே படமா காட்டிடும். என் கோட் ஒட்டைக் கண்டுக்கவே மாட்டேங்குது. முதல்ல அப்பா கண்ணுல படறாரா, உடனே அப்பா படத்தை ஒட்டிட்டுப் போயிடுது. குடும்பப் படம் என்கிட்ட இருக்கு. ஆனா அதுகிட்ட போறதுக்குள்ள ஆளாளுக்குப் பிரிஞ்சிடறாங்க."

இதைச் சொல்லும்போதே மணியைப் பார்த்தாள். மதியம் நெருங்கிவிட்டது. ஃபோன் அடித்தது, அச்சகக்காரர். எடுக்கவில்லை.

ஹாலில் பெரியவளின் குரல் உயர்ந்தது. மாப்பிள்ளை உதவுகிறேன் என்று மூடிகளை அடுக்கப்போய், தன் மெக்கானிக் நண்பர்களை எல்லாம் முன் வரிசையில் ஒன்று விட்டு ஒன்றாக வசதியாக உட்கார வைத்திருந்தார்.

"அட என்னப்பா நீ! தனித்தனி ஆளை முன்னாடி உட்கார வெச்சுட்டா, அப்புறம் குடும்பமா வர்றவங்க எங்க போவாங்க? அப்பா ஒரு மூலை, பிள்ளை ஒரு மூலையா? கவுன்டர்ல நாங்க எப்பவும் பெரிய குடும்பத்துக்குத்தான் முதல்ல சீட்டு போடுவோம். தனி ஆள் எங்க வேணா உக்காந்துப்பான்."

சாப்பாட்டு மேசையில் இருந்து ஒரு அலறல்.

"அக்கா! இன்னொரு தடவை சொல்லு!"

"என்னத்தடி?"

"பெரிய குடும்பம் முதல்ல!"

அதேதான். கோட் தேடுகிற பட்டியலில் ஒற்றைப் படங்கள் மேலே இருந்தன, சேர்ந்த படங்கள் கீழே. பட்டியலை நீளத்தின்படி அடுக்கு. மிக நீளமானதை முதலில் தேடு. குடும்பம் கிடைத்தால் குடும்பமாகவே உட்கார வை. கிடைக்காவிட்டால் மட்டும் தனி ஆளைப் பார். ஒரே ஒரு வரி மாற்றம்.

மாற்றினாள். ஓட்டினாள். பிரின்டருக்கு முன்னால் எல்லோரும் நின்றார்கள்.

காகிதத்தில் நாலு பேரும் ஒட்டி நின்று வந்தார்கள்.

அம்மா அந்தக் குட்டிப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இதுல நான் எரிமலையா இல்ல," என்றாள் திருப்தியாக.

சின்னவள் விருந்தினர் எல்லோருடைய பெயரையும் கோட் படிக்கக் கொடுத்து, கடைசி ஓட்டத்துக்குத் தயாரானாள். அப்போது அப்பா அவள் தோளைத் தட்டினார். ஃபோனில் ஒரு மணிப் படம், பிறகு: 'கடைசிப் பக்கத்துல ஒரு சின்ன மாத்தம். அனுப்பிட்டேன்.'

"இப்பவாப்பா? அச்சகத்துல என்னைக் கொன்னே போட்டுடுவாங்க!"

அப்பா கும்பிட்டார். மகள் கல்யாணத்தன்று அப்பா கும்பிட்டால் யார்தான் மறுக்க முடியும்? அனுப்பியதைப் படிக்காமலே எடுத்து ஒட்டினாள். ஓட்டினாள். கத்துகிற வரி கத்தவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அனுப்பினாள்.

"வந்துடுச்சு தங்கச்சி," என்றார் அச்சகக்காரர் ஃபோனில். பிறகு அந்தப் பக்கம் இருந்து குபீர் என்று ஒரு சிரிப்பு. "யாரு தங்கச்சி அந்த எரிமலை?"

சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. வாசலில் கட்டியிருந்த குட்டி விளக்குகள் பளிச் பளிச்சென்று மின்னின. பெரியவள் நீலத்தில் ஜொலித்தாள். மாப்பிள்ளை புதுச் சட்டையின் விலைச்சீட்டைக் கிழிக்க மறந்து, முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு எல்லோரையும் வரவேற்றார். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு குட்டிப் புத்தகம். குழந்தைகள் அதில் இருந்த சீட்டு நம்பரைப் பார்த்து, "என் சீட்டு, எழுந்திரு!" என்று நிஜ ரயிலில் போலவே சண்டை போட்டார்கள்.

அப்பா மேடை ஏறினார்.

மண்டபத்து மைக் அங்கேயே நின்றிருந்தது. அதை எந்த வாஷிங் மெஷினிலும் ஒளிக்க முடியவில்லை. அப்பா அதன் முன்னால் போய் நின்றதும், அம்மாவின் கை சின்னவளின் மணிக்கட்டை இறுக்கியது.

"பேசப்போறார்டி."

"பேச மாட்டாரும்மா." அவளுக்கும் நிச்சயமில்லை.

அப்பா தொண்டையைச் செருமப்போனவர், நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். சட்டைப் பையில் இருந்து ஃபோனை எடுத்து, மைக்குக்குக் கிட்டே பிடித்து, ஒரு பொத்தானை அமுக்கினார்.

டிங்... டாங்... டிங்.

ரயில் நிலையத்து மணி! அவர் அறிவிப்புக்கு முன்னால் தினமும் ஒலிக்கிற அதே மணி. மண்டபமே சட்டென்று அடங்கியது. ஒருவர் பழக்க தோஷத்தில் காலடிப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேவிட்டார்.

அப்பா புத்தகத்தை உயர்த்திக் காட்டினார். எல்லோரும் திறந்தார்கள்.

'பயணிகள் கவனத்துக்கு.'

முதல் வரியிலேயே அது நடந்தது. ஊருக்கே தெரிந்த குரல் அல்லவா? அத்தனை பேருக்கும் உள்ளுக்குள் அந்தக் குரலிலேயே கேட்டது, அதே இழுவை, அதே நிறுத்தம். உதடுகள் அசைந்தன. அப்பா விரலை உயர்த்தினால் பக்கம் திரும்பியது, சரக்கென்று ஒரே சத்தம். பிளாட்பாரத்தில் அவர் ஓடிய இடத்தில் சிரித்தார்கள். 'பெண் குழந்தை பிறந்துள்ளது, தாயும் சேயும் நலம், வண்டி மட்டும் தாமதம்' என்று மைக்கில் சொல்லி மேலதிகாரியிடம் மாட்டிக்கொண்ட இடத்தில் நாற்காலிகள் ஆடின. ஆமை வந்ததும் மெக்கானிக் நண்பர்கள் விசில் அடித்தார்கள். எரிமலை வந்ததும் மண்டபமே அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அம்மா எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டாள்.

சின்னவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லட்சம் ரசீது அடித்திருக்கிறாள். அவற்றில் ஒன்றைப் படித்துக்கூட யாரும் இப்படிச் சிரித்ததில்லை.

கடைசிப் பக்கம். சரக்.

சிரிப்பு அடங்கியது. ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் யாரோ, "உன் புத்தகத்துலயும் இப்படித்தான் இருக்கா?" என்று கேட்டார்கள்.

சின்னவள் எழுந்துவிட்டாள். பக்கத்து நாற்காலிப் புத்தகத்தை எட்டிப் பிடுங்கினாள்.

'மகளே, இத்தனை வருஷமா உனக்குச் சொல்லணும்னு வெச்சிருந்த வார்த்தை இதுதான்.'

அதற்குக் கீழே, பக்கத்தின் நடுவில், பெரிதாக: □

கட்டம்! கத்தவே இல்லையே! அந்த வரி எழுதினேனே, படம் கிடைக்காவிட்டால் கத்து என்று எழுதினேனே! எல்லாப் புத்தகத்திலுமா? அத்தனை பேர் கையிலுமா? அதுவும் அந்த வார்த்தையா போக வேண்டும்?

மேடைக்கு ஓடினாள். "அப்பா, மன்னிச்சுடுப்பா, என்ன படம் போட்டே, சொல்லு, நான் இப்பவே..."

அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் இருந்து மடித்த புத்தகம் ஒன்றை எடுத்தார். காலையில் வந்த அந்தக் கட்டம் கட்டமான மாதிரிப் புத்தகம். நாள் முழுக்க அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார். பிறகு ஃபோனில் தட்டினார். அவசரமில்லாமல், ஒற்றை விரலால்.

'உன் கோட் தப்பு பண்ணல. கட்டத்தை நான்தான் தட்டினேன். காலைல பாத்ததும் பிடிச்சுப் போச்சு. அந்த ஒரு வார்த்தையை விரலால சொல்ல மனசு வரல. குரலாலதான் சொல்லணும். அதான் துண்டு போட்டு இடம் பிடிச்சு வெச்சிருக்கேன். திங்கட்கிழமை டாக்டர் சரின்னதும் வந்து உக்காரும்.'

சின்னவள் அதை மைக்கில் படித்தாள். வாயைத் திறக்காமலே அப்பா மண்டபம் முழுக்கக் கைத்தட்டல் வாங்கினார்.

பெரியவள் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன வார்த்தைப்பா? எனக்கு மட்டும் காதுல சொல்லு."

அப்பாவின் உதடு பிரிந்தது. அவ்வளவுதான், எங்கிருந்து வந்தாள் என்றே தெரியவில்லை, அம்மாவின் உள்ளங்கை அவர் வாய்மேல் இருந்தது.

"திங்கட்கிழமை!" என்றாள் அம்மா. "எரிமலை சொல்றதுதான் சட்டம்னு அச்சடிச்சே குடுத்திருக்கீங்க."

மண்டபம் குலுங்கியது. மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. முதுகில் விலைச்சீட்டு ஆட, தயங்கித் தயங்கி வந்தார்.

"அத்தை, திங்கட்கிழமை விடியற்காலை வண்டியில நாங்க கிளம்பறோமே. எனக்குப் புது ஊர்ல அன்னிக்கே வேலைல சேரணும். மாமாவுக்கு டாக்டர் எத்தனை மணிக்கு?"

"மத்தியானம்," என்றாள் அம்மா. அப்போதுதான் அவளுக்கும் புரிந்தது. "அட, ஆமா. அப்ப அவ வண்டி ஏறினப்புறம்தானா?"

பெரியவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கையிலிருந்த கட்டத்தைப் பார்த்தார்.

அடுத்த பாட்டு ஆரம்பித்தது. மெக்கானிக் நண்பர்கள் மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு போனார்கள், மாப்பிள்ளை பெரியவளை இழுத்துக்கொண்டு போனார். அந்தக் கூத்துக்கு நடுவில் சின்னவளின் ஃபோன் உறுமியது.

அப்பா. இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, எங்கோ பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் அனுப்பியிருந்தார்.

மணி. ரயில். வாயைப் பொத்திய குரங்கு. அதற்குக் கீழே ஒரே வரி: 'ஸ்டேஷன் மைக்கை உங்கம்மாவால ஒளிக்க முடியாது.'

சின்னவள் தலை நிமிர்ந்தாள். அப்பா மெல்லக் கண்ணடித்தார்.

"யாருடி அது?" அம்மா அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்க்க வந்தாள். "உங்கப்பாவா? என்ன அனுப்பியிருக்கார்?"

சின்னவள் ஃபோனைத் திருப்பி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"தெரியலம்மா," என்றாள். "எல்லாம் கட்டம் கட்டமா வந்திருக்கு."